வீடியோ விளையாட்டுக் கதைகளில் காதலும் ஆக்க நாட்டமும்

1. தோற்றுவாய்

காதலும் தன் முன்னேற்றமும் ஒருவர் உள்ளத்தில் ஒருசேர எழுங்கால் எது முந்துதல் வேண்டும் என்பது கதை தோன்றிய நாள்தொட்டே உடன் வரும் வினாவாகும். தமிழ் அகப்பொருள் மரபு இதனைப் பிரிவு என்னும் உரிப்பொருளில் வைத்து ஆராய்ந்துள்ளது. ஓதல், பகை, தூது, பொருள் ஆகியவை காரணமாகத் தலைவன் பிரிதலைத் தொல்காப்பிய அகத்திணையியல் எடுத்துரைக்கின்றது. பிரியக் கருதியவன் தலைவியின் நிலை கண்டு தன் செலவைத் தவிர்த்தல் செலவழுங்கல் எனப்படும். ஆகவே, காதலுக்கும் ஆக்கத்திற்கும் இடையே நிகழும் போராட்டம் தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. அப்போராட்டம் இன்று நிகழும் களம் ஒன்றே புதியது. அக்களம் வீடியோ விளையாட்டு.

வீடியோ விளையாட்டு என்றவுடன் ஓட்டமும் சுடுதலும் மட்டுமே பலர் நினைவிற்கு வரும். ஆயினும், கடந்த முப்பது ஆண்டுகளில் நெடுங்கதையின் பரப்பும் நாடகத்தின் உரையாடலும் கொண்ட விளையாட்டுகள் பல நாடுகளில் தோன்றியுள்ளன. அவற்றுள் காதல் ஒரு கிளைக்கதையாகவோ முதன்மைக் கதையாகவோ இடம் பெறுகின்றது. முதுகலை மாணவர் சிலர் இன்று இவற்றை ஆய்வுப் பொருளாகக் கொள்ள விழைகின்றனர். அவ்வாய்வு கதைச் சுருக்கமாய் முடிந்துவிடாதிருக்க வேண்டின், இக்கதைகளை எவ்வளவைகொண்டு மதிப்பிடுவது என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும். அத்தகைய அளவை ஒன்றனைக் காண முயல்வதே இக்கட்டுரை.

ஒப்புமை கூறுதல் ஒன்று. தொடர்பு கூறுதல் மற்றொன்று. கனடாவிலும் போலந்திலும் பெல்ஜியத்திலும் சப்பானிலும் இவ்விளையாட்டுகளை ஆக்கியோர் நம் அகத்திணை மரபை அறிந்து ஆக்கினர் என்பது நம் கருத்தன்று. நமக்குப் பழகிய கலைச்சொற்கள் பிறர் படைப்புகளையும் தெளிவுறக் காண உதவும் என்னும் அளவிலேயே அவற்றை ஈண்டு ஆள்கின்றோம்.

2. சொற்பொருள் வரையறை

தன் முன்னேற்றத்தில் ஒருவர் கொள்ளும் விருப்பத்தை வேட்கை என்று கூறலாம் எனச் சிலர் கருதுவர். ஆனால், வேட்கை என்னும் சொல்லைத் தொல்காப்பியக் களவியல் காதலின் படிநிலைகளைக் கூறுமிடத்தே முதலில் வைத்துள்ளது. காதலுக்கே உரிய அச்சொல்லை அதற்கு மாறான பொருளுக்கும் ஆளின் மயக்கம் நேரும். எனவே, கல்வி, பதவி, அரசு, ஆற்றல் முதலியவற்றை அடைந்து தன்னை உயர்த்திக்கொள்ளும் விருப்பத்தை இக்கட்டுரையில் ஆக்க நாட்டம் என்று குறிப்போம். பிறர்பொருட்டு ஒருவர் மேற்கொள்ளும் கடமை இதனின் வேறானது. எனினும், இரண்டும் காதலரைப் பிரிப்பதில் ஒரே தொழில் செய்வன. ஆதலின், வேண்டுமிடத்து இரண்டனையும் வேறுபடுத்திக் காட்டுவோம். விளையாடுபவரை ஆடுநர் என்றும், அவர் ஏற்று நடத்தும் பாத்திரத்தைத் தலைமைப் பாத்திரம் என்றும் வழங்குவோம்.

இவ்வகைக் கதையின் அமைப்பும் ஈண்டு அறியத்தக்கது. அச்சிட்ட கதையைக் கற்பவர் காதலரின் உரையாடலை ஒதுங்கி நின்று கேட்கின்றார். விளையாட்டிலோ, உரையாடல் ஓரிடத்தில் நின்று, ஆடுநர் கூறத்தக்க மறுமொழிகள் சில திரையில் தோன்றுகின்றன. அவர் தேர்ந்தெடுக்கும் மொழிக்கேற்பக் கதை கிளைக்கின்றது. அகப்பாட்டில் பிரியப் புறப்பட்டவனைத் தடுத்துப் பேசுவோள் தலைவி அல்லது தோழி. இங்கோ, தடுப்பதா விடுப்பதா என்று முடிவு செய்யும் பொறுப்புக் கற்பவரிடமே வந்து சேர்கின்றது. இதுவே இவ்வகைக் கதைக்குரிய சிறப்பு. இதன் இடர்ப்பாடும் இதனின்றே தோன்றுகின்றது.

3. ஆக்கமே காதலுக்கு ஏணியாதல்

சப்பானியக் காதல் விளையாட்டுகளுள் பெரும்புகழ் பெற்றது கொனாமி நிறுவனத்தார் 1994இல் வெளியிட்ட ‘டோக்கிமெக்கி மெமோரியல்’. உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவனின் மூன்றாண்டு வாழ்க்கை இதன் கதை. படிப்பு, விளையாட்டு, கலை முதலிய துறைகளில் காலத்தைப் பங்கிட்டு அவன் தன் தகுதிகளை உயர்த்திக்கொள்ள வேண்டும். இளமைத் தோழி ஷியோரியின் அன்பைப் பெற விழையின், அனைத்துத் துறைகளிலும் மிக உயர்ந்த தகுதி வேண்டும். பழகிய பெண்களுள் ஒருத்தியை நெடுநாள் புறக்கணித்தால் அவள் மனக்குறை வெடித்துப் பிறரிடத்தும் அவன் மதிப்பைக் குறைக்கும். அன்பு கனிந்திருப்பின், பள்ளி முடியும் நாளில் வளாகத்து மரத்தடியில் அவள் தன் காதலைக் கூறுவாள்.

இக்கதையில் காதலும் ஆக்க நாட்டமும் முரண்படவில்லை. தேர்வில் பெறும் உயர்வும் ஆடுகளத்தில் பெறும் வெற்றியும் காதலுக்கு ஏறும் படிகளே. இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஏணி ஏறினால் கிட்டும் பொருளாகக் காதல் அமையும்போது, காதலே ஆக்கத்தின் ஒரு வகையாகிவிடுகின்றது. பரிசிலும் பதவியும் பெறுதல் போலவே காதலியையும் பெறுதல் என்னும் நிலை உண்டாகின்றது. ஆயினும், பலருடைய மனக்குறையையும் கருதி நடக்கவேண்டும் என்னும் விதியால், பிறர் உள்ளம் நம் வசதிக்காகக் காத்திராது என்பதை இவ்விளையாட்டு ஓரளவு உணர்த்துகின்றது.

அமெரிக்கராகிய எரிக் பரோன் தனியொருவராக உருவாக்கி 2016இல் வெளியிட்ட ‘ஸ்டார்டியூ வேலி’ இதே வகையின் எளிய வடிவம். நகர வேலையைத் துறந்து பாட்டன் விட்டுச்சென்ற நிலத்தில் உழவு செய்ய வரும் ஒருவரின் கதை இது. ஊரார்க்குக் கிழமைக்கு இரு முறை பரிசு கொடுக்கலாம். நட்பின் அளவை நெஞ்சக் குறிகள் காட்டும். எட்டுக் குறி நிறைந்தபின் மலர்க்கொத்தும், பத்துக் குறி நிறைந்தபின் 5000 பொற்காசு விலையுள்ள ஒரு பதக்கமும் கொடுத்து மணம் முடிக்கலாம். முன்னேற்ற ஓட்டத்தை வெறுத்து ஊர்ப்புறம் வந்தவர் கதையாயினும், நாள்தோறும் விளைச்சலையும் வருவாயையும் பெருக்கும் முயற்சியே ஆட்டமாகின்றது. மணந்துகொண்டவர் ஆடுநரின் பண்ணை வீட்டிற்கு வந்துவிடுகின்றார். ஆடுநர் எவர் வீட்டிற்கும் செல்வதில்லை. மருத்துவராகிய ஹார்வி மணத்தின் பின்னும் சில நாள் தம் மருத்துவமனைக்குச் செல்வது போன்ற இடங்களில் மட்டுமே, துணைவர்க்கும் தனி வாழ்வு உண்டு என்பது புலப்படுகின்றது.

இவ்விரண்டும் இன்பம் தரும் படைப்புகள் என்பதில் ஐயமில்லை. எனினும், காதலுக்காக எதனையும் இழக்கவேண்டிய நிலை இவற்றில் இல்லை. இழப்பில்லாத இடத்தில் தேர்வு இல்லை. தேர்வில்லாத இடத்தில் காதலின் உறுதியை அளந்தறியவும் வழியில்லை.

4. அரியணையும் காதலும்

கனடா நாட்டுப் பயோவேர் நிறுவனத்தார் 2009இல் வெளியிட்ட ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ இழப்பைக் கதையின் நடுவே கொண்டுவந்து வைத்தது. இதில் அலிஸ்டர் என்பவன் இறந்த மன்னன் ஒருவனின் முறைப்படிப் பிறவாத மகன். வீரனாக வாழ்வதே அவன் விருப்பம். அரசாள அவன் விழையவில்லை. நாட்டில் அரசன் இல்லாத நெருக்கடி எழும்போது, அவனை அரியணையில் ஏற்றுவதா, முன்னை மன்னனின் கைம்பெண்ணாகிய அனோராவை ஆளவிடுவதா என்பதை ஆடுநர் முடிவு செய்ய நேர்கின்றது.

அலிஸ்டரைக் காதலிக்கும் தலைமைப் பாத்திரம் உயர்குடி மானிடப் பெண்ணாயின், அவளே அரசியாகலாம். காதலும் அரசும் ஒருங்கே கிட்டும். அவள் வேற்று இனத்தவளாயின், அல்லது மந்திரம் பயின்றவளாயின், அரசனானவன் அவளை மணத்தல் இயலாது. நாட்டிற்கு வழித்தோன்றல் வேண்டும் என்னும் கடமையைக் கூறி அவன் உறவை முறித்துக்கொள்கின்றான். தன் கையால் முடி சூட்டியவள் அம்முடியாலேயே காதலனை இழக்கின்றாள். அவன் வீரனாகவே இருக்கட்டும் என்று விடுவாளாயின், காதல் நிலைக்கும். அரியணை அனோராவிடம் செல்லும்.

இம்முரணுக்கு ஆசிரியர் குழு மூன்றாவது வழி ஒன்றும் வைத்துள்ளது. கதையின் இடையே அலிஸ்டர் தன் தமக்கையைத் தேடிச் சென்று அவளால் இழித்துரைக்கப்படுகின்றான். அப்போது, உலகில் ஒவ்வொருவரும் தம் நலத்தையே நாடுவர் என்று ஆடுநர் அவனுக்கு அறிவுரை கூறலாம். அவ்வாறு கூறின் அவன் நெஞ்சு இறுகுகின்றது. இறுகிய நெஞ்சினன் அரசனான பின்னும், மணம் செய்யாமலே காதலியைத் தன்னோடு வைத்துக்கொள்ள உடன்படுகின்றான். காதலையும் அரசையும் ஒருங்கே பெறவேண்டின், காதலித்தவனின் இயல்பை மாற்றவேண்டும் என்பது இதன் பொருள். வெகுளித்தனமும் நகையுணர்வும் கொண்ட ஓர் இளைஞனைக் காதலித்தவள், அவனைத் தக்கவைத்துக்கொள்ளும் முயற்சியில், அவ்விளைஞனையே இழந்துவிடுகின்றாள். இழப்பு வேறு வடிவில் வந்து சேர்ந்ததேயன்றி நீங்கவில்லை. இவ்வமைப்பு இக்கதையின் பெருஞ்சிறப்பு என்று கூறலாம்.

இப்படைப்பிற்கும் குறை உண்டு. துணைவரின் மதிப்பு எண்ணால் அளக்கப்படுகின்றது. பரிசு கொடுத்து அவ்வெண்ணை உயர்த்தலாம். நெஞ்சை முறிக்கும் உரையாடலும் பரிசுக் கணக்கும் ஒரே படைப்பில் அருகருகே நிற்கின்றன. பழைய ஏணி முற்றும் அகற்றப்படவில்லை.

5. காதலிக்கப்படுபவரின் ஆக்க நாட்டம்

இதுகாறும் கண்டவற்றில் ஆக்கம் தலைமைப் பாத்திரத்திற்குரியது, அல்லது அதன் முடிவால் பிறர்மேல் ஏறியது. காதலிக்கப்படுபவர்க்கே தனியான நாட்டம் இருப்பின் நிகழ்வது யாது? இவ்வினாவிற்கு விடை கூறும் படைப்புகளே நம் ஆய்விற்கு இன்றியமையாதவை.

பெல்ஜிய நாட்டு லாரியன் நிறுவனத்தாரின் ‘பால்டர்ஸ் கேட் 3’ 2023இல் வெளிவந்தது. இதன் துணைவருள் ஒருவனாகிய கேல் பேரறிவு படைத்த மந்திரவாதி. மந்திரக் கடவுளாகிய மிஸ்ட்ராவின் அன்பை ஒருகாலத்தே பெற்றவன். அவளுக்கு ஒப்பாக உயரவேண்டும் என்னும் ஆசையால், இழந்துபோன பழைய மந்திரத்தின் ஒரு கூறை மீட்டு அவளுக்குக் காணிக்கையாக்க முனைகின்றான். அது அவன் மார்பினுள் புகுந்து, எந்நேரமும் வெடிக்கத்தக்க கேடாகத் தங்கிவிடுகின்றது. அவன் ஆக்க நாட்டத்தின் வேர் காதலே என்பது இங்கு நோக்கத்தக்கது. பின்னர், கார்சஸ் என்பவனின் மணிமுடியைக் கைக்கொண்டால் தானே கடவுளாகலாம் என்னும் வழி அவனுக்குப் புலப்படுகின்றது. மிஸ்ட்ராவுக்கு ஒப்பாக நினைத்தவன் இப்போது அவளை விஞ்ச நினைக்கின்றான்.

அவனைக் காதலிக்கும் ஆடுநர் அந்நாட்டத்தைத் தூண்டலாம், தணிக்கவும் செய்யலாம். மானிடனாகவே அவன் போதுமானவன் என்று தெளிவித்தால், முடியைக் கைவிட்டுத் தன் ஊரில் மந்திரக் கல்வி கற்பிக்கும் ஆசிரியனாக அமைகின்றான். தூண்டிவிட்டால் கடவுளாகின்றான்; எதற்குக் கடவுள் எனின், ஆக்க நாட்டத்திற்கே கடவுள். அந்நிலையில் அவன் காதல் முற்றும் அழிவதில்லை. ஆயினும், அவன் இருக்கும் உயரத்திற்குக் காதலித்தவரும் ஏறி வந்தாலன்றி ஒன்றிவாழ்தல் அரிதாகின்றது.

அதே படைப்பில் வரும் அஸ்டாரியன் கதை இன்னும் கடுமையானது. குருதி உண்ணும் ஒரு தலைவனுக்கு நெடுங்காலம் அடிமையாயிருந்தவன் அவன். 7000 உயிர்களைப் பலியிடும் சடங்கு ஒன்றைத் தானே முடித்துக்கொண்டால், ஒருவர்க்கும் அஞ்ச வேண்டாத பேராற்றலும் வெயிலில் நடமாடும் உரிமையும் அவனுக்குக் கிட்டும். ஆடுநர் உடன்பட்டால் அவன் ஆற்றல் பெறுகின்றான். பெற்றபின் காதலித்தவரையும் தனக்குக் கீழ்ப்பட்ட உயிராக்கிக்கொள்ள விழைகின்றான். அடிமையாயிருந்தவன் ஆண்டையாகின்றான். தடுத்தாலோ அவன் தன் தலைவனைக் கொன்று விடுதலை பெறுவான். ஆனால், கதை முடிவில் வெயில் அவன் உடலைச் சுடுகின்றது. அவன் நிழல் தேடி ஓடவேண்டியவனாகின்றான்.

இம்முடிவைச் சிலர் குறையெனக் கூறக்கூடும். நன்னெறி நின்றவனுக்கு வெயிலையும் கொடுத்திருக்கலாகாதா எனக் கேட்கக்கூடும். கொடுத்திருப்பின் கதை பொய்த்துவிடும் என்பதே நம் விடை. காதலர் ஒருவர் மற்றவரிடம், உன் நாட்டத்தைக் கைவிடுக என்று கேட்கின்றார். கேட்டவர் எதனையும் இழக்கவில்லை. கைவிட்டவர் வெயிலை இழக்கின்றார். அவ்விழப்பைக் கதை மறைக்காது காட்டுதலால்தான், கேட்டவர் தாம் கேட்டது எத்துணைப் பெரிது என்பதை உணர்கின்றார்.

அஸ்டாரியனைத் தடுக்கும் சொல் பலிக்குமா என்பதைப் பொதுவாக இருபது முகமுள்ள பகடை ஒன்று முடிவு செய்கின்றது. காதலில் பகடை உருட்டுவதா என்று நகைத்தல் எளிது. ஆயினும், இத்தனை பரிசு கொடுத்தால் இத்துணை அன்பு என்னும் கணக்கைக் காட்டிலும் பகடை உண்மைக்கு அணித்தானது. நாம் எத்துணை நயமாகப் பேசினும் பிறர் நெஞ்சம் முழுதும் நம் கையில் இல்லை என்பதை அது ஆடுநர்க்கு அறிவுறுத்துகின்றது.

6. செலவு தடுத்தலும் உடன்செல்லுதலும்

போலந்து நாட்டுச் சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனத்தார் 2015இல் வெளியிட்ட ‘தி விட்சர் 3: வைல்ட் ஹன்ட்’, அந்நாட்டு எழுத்தாளர் ஆந்திரே சப்கோவ்ஸ்கியின் கதைகளை அடியொற்றியது. இதில் ஆடுநர் கெரால்ட் என்னும் அரக்கர் வேட்டைக்காரனாகின்றார். நோவிகிராட் நகரில் மந்திரம் வல்லார் கொல்லப்படும் காலத்தில், டிரிஸ் என்பவள் அவர்களைக் காத்து, கோவிர் நாட்டிற்குக் கப்பலேற்றி அனுப்ப முனைகின்றாள். தானும் அவர்களோடு செல்ல வேண்டியவள். துறைமுகத்தில் கெரால்ட் அவளைப் போகவிடலாம். தன் காதலை வெளிப்படக் கூறவும் செய்யலாம். கூறின் அவள் தங்குகின்றாள்.

நம் மரபில் வினைமேற் செல்பவன் தலைவன், தடுப்பவள் தலைவி. இங்கு முறை மாறியுள்ளது. வினைமேற் செல்பவள் பெண், தடுப்பவன் ஆண். தங்கியவள் தன் நாட்டத்தை என்றென்றைக்குமாக விட்டுவிட்டாளா எனின், இல்லை. கதையின் முடிவுரையில் அவள் கோவிர் அரசனுக்கு ஆலோசகராகின்றாள். கெரால்ட் அவளுடன் சென்று அந்நாட்டில் வாழ்கின்றான். மற்றொரு காதலியாகிய யெனிஃபரைத் தேர்ந்தால், இருவரும் அரசியலை விட்டு ஒதுங்கி அமைதியாக வாழ்கின்றனர். இருவரையும் ஏமாற்றி இருவரிடமும் காதல் கூறினால், இருவரும் ஒன்றுகூடி அவனை நகைப்பிற்கிடமாக்கிக் கைவிடுகின்றனர். அனைத்தையும் பெற விழைவது ஆக்கத்தின் இயல்பு. அவ்வியல்பைக் காதலுக்குள் கொணர்ந்தவனுக்கு வெறுங்கையே எஞ்சுகின்றது.

தலைமைப் பாத்திரம் துணைவரின் ஊருக்குச் சென்று வாழ்தல் இவ்வகைக் கதைகளில் அருகியே காணப்படுவது. பெரும்பாலான விளையாட்டுகளில் துணைவரே தலைமைப் பாத்திரத்தின் கூடாரத்திற்கோ கப்பலுக்கோ பண்ணைக்கோ வந்து சேர்கின்றனர். உலகைக் காத்தல் என்னும் பெருவினை தலைமைப் பாத்திரத்தினுடையது. அதற்குக் கடமை என்று பெயர். அதனைக் கைவிடுமாறு கேட்பார் அரியர். துணைவரின் குறிக்கோளோ கிளைக்கதை எனப்படுகின்றது. அதனை வளர்க்கவும் வளைக்கவும் ஆடுநர்க்கு உரிமை தரப்படுகின்றது. இச்சமனின்மை ஆய்வாளர் கூர்ந்து நோக்கவேண்டிய ஒன்றாகும்.

7. வளையாத நெஞ்சம்

துணைவரின் குறிக்கோளை ஆடுநரால் அசைக்க முடியாதபடி அமைத்த படைப்புகளும் உள. பயோவேர் நிறுவனத்தாரின் ‘மாஸ் எஃபெக்ட்’ முதற்பகுதி 2007இலும் இரண்டாம் பகுதி 2010இலும் வெளிவந்தன. முதற்பகுதியில் ஆஷ்லி அல்லது கெய்டன் என்னும் படைவீரரைக் காதலித்த ஆடுநர், இரண்டாம் பகுதியில் அவரை மீண்டும் காண்கின்றார். இதற்கிடையே தலைமைப் பாத்திரம் இறந்து, பகைமைக்குரிய ஓர் அமைப்பால் உயிர்ப்பிக்கப்பட்டு, அவ்வமைப்போடு சேர்ந்து பணியாற்றும் நிலை. எச்சொல்லைத் தேர்ந்தாலும் பழைய காதலர் உடன்வர மறுத்துவிடுகின்றார். தம் படைக்குத் தாம் கொண்ட பற்றே அவர் கூறும் காரணம்.

2014இல் வெளிவந்த ‘டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்’ இதனினும் ஆழமானது. சோலஸ் என்பவனை எல்ஃப் இனப் பெண் பாத்திரம் மட்டுமே காதலிக்கக்கூடும். காதல் முதிர்ந்த நிலையில் அவனே அதனை முறித்துக்கொள்கின்றான். காரணம் அப்போது கூறப்படுவதில்லை. 2015இல் வந்த பின்னிணைப்புப் பகுதியில் உண்மை வெளிப்படுகின்றது. அழிந்துபோன தன் இனத்தின் பழைய உலகை மீட்பதே அவன் குறிக்கோள். அதனை மீட்டால் இப்போதுள்ள உலகு அழியும். அவன் காதல் பொய்யன்று, குறிக்கோளும் பொய்யன்று. காதலித்தவள் எவ்வளவு வேண்டினும் அவன் நில்லாது செல்கின்றான். 2024இல் வெளிவந்த ‘டிராகன் ஏஜ்: தி வெயில்கார்ட்’ கதையின் முடிவுகளுள் ஒன்றில் மட்டுமே, அவன் தன் நோக்கத்தைக் கைவிட்டுக் கழுவாய் தேடிச் செல்ல, அவளும் உடன்செல்கின்றாள். பத்தாண்டுகளுக்கு முன் முறிந்த உறவைத் தொடர்ந்தவர்க்கு அம்முடிவு, உடன்போக்கைப் போல, வீடும் ஊரும் விட்டுச் செல்லும் துணிவாகத் தோன்றும்.

மறுக்கும் உரிமை காதலிக்கப்படுபவர்க்கு உண்டு என்பதை இவை நிலைநாட்டுகின்றன. ஏணியில் ஏறிவிட்டோம், பரிசு எங்கே என்று கேட்கப் பழகிய ஆடுநர்க்கு இக்கதைகள் தரும் ஏமாற்றம் பயனுள்ள ஏமாற்றமாகும்.

8. நிலவை நாடியவன்

இறுதியாக, காதலும் ஆக்க நாட்டமும் ஒன்றையொன்று ஊடுருவி நிற்கும் ஒரு சிறு படைப்பைக் காண்போம். கான் காவ் என்பவர் ஃப்ரீபேர்ட் கேம்ஸ் நிறுவனத்தின் வாயிலாக 2011இல் வெளியிட்டது ‘டு தி மூன்’. சண்டையும் பரிசும் இதில் ஏறத்தாழ இல்லை; கதையின் போக்கை மாற்றும் தேர்வும் இல்லை.

இறக்குந்தறுவாயில் உள்ள முதியவன் ஜானி நிலவிற்குச் செல்ல விரும்புகின்றான். ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை. இறப்பவரின் நினைவுகளுள் புகுந்து, நிறைவேறாத ஆசையை நிறைவேறியதுபோல் மாற்றியமைக்கும் ஈவா, நீல் என்னும் இருவர் அவனிடம் வருகின்றனர். அவன் நினைவுகளை முதுமையிலிருந்து இளமை நோக்கிப் பின்சென்று காண்கின்றனர். இறந்துபோன மனைவி ரிவர், வாழ்நாள் முழுதும் எதையோ அவனுக்கு நினைவூட்ட முயன்றிருக்கின்றாள். காகித முயல்களை மடித்து மடித்து வீட்டை நிறைத்திருக்கின்றாள். அவன் உணரவில்லை. சிறுவனாயிருந்தபோது ஒரு விழாவில் அவளைச் சந்தித்ததும், பிரிந்துபோனால் நிலவில் கூடுவோம் என இருவரும் உறுதி கொண்டதும், உடன்பிறந்த இரட்டையனின் இறப்பிற்குப்பின் உண்ட மருந்தால் அவன் நினைவினின்றும் மறைந்துவிட்டன.

ஆக, நிலவு நாட்டம் என்று தோன்றியது உண்மையில் மறந்துபோன காதல். எனினும், அவ்வாசையை நிறைவேற்ற வேண்டின், பள்ளிப் பருவத்தில் அவளை மணக்க வழிவகுத்த சந்திப்பை நீக்கவேண்டியுள்ளது. அவள் அருகிருக்கும்வரை அவனுக்கு நிலவு தேவைப்படவில்லை. ஈவா அந்நினைவை அகற்றுகின்றாள், நீல் எதிர்க்கின்றான். மாற்றியமைத்த நினைவில் ஜானி விண்வெளிப் பயிற்சிக்குச் செல்கின்றான். அங்கே ரிவரும் வந்து சேர்கின்றாள். இருவரும் ஒன்றாக நிலவை நோக்கிப் பறக்கின்றனர். உண்மையில் அவளோடு வாழ்ந்த நெடிய வாழ்வு அவன் நினைவில் இல்லை. நிகழாத பயணம் ஒன்றே நிற்கின்றது. அவனுக்குச் செய்தது நன்மையா கொடுமையா என்னும் வினாவைப் படைப்பு விடையின்றி விட்டுச் செல்கின்றது.

ஒருவரின் குறிக்கோளைக் காதலுக்குப் பகையென்று எண்ணி ஒதுக்குமுன், அதன் வேர் எங்குள்ளது என ஆராய்தல் வேண்டும் என்பதை இக்கதை தெளிவிக்கின்றது. கேலின் கதையும் அதனையே வேறொரு முகத்தால் கூறியது.

9. ஒரு தடை விடை

இவையனைத்தும் முன்னரே எழுதிவைக்கப்பட்ட மொழிகள். வேண்டாத முடிவு வந்தால் சேமித்துவைத்த இடத்திலிருந்து ஆட்டத்தை மீளத் தொடங்கலாம். எனவே, இங்கு இழப்பென்பதே இல்லை எனத் தடை எழுப்பலாம். தடையில் உண்மை உண்டு. மீளத் தொடங்கும் வசதி தேர்வின் கனத்தைக் குறைக்கவே செய்யும். படைப்பாளரும் இதனை அறிவர். ஒரே சேமிப்பை மட்டும் வைத்து, செய்ததை மாற்ற இடந்தராத முறை ஒன்றையும் ‘பால்டர்ஸ் கேட் 3’ பின்னர்ச் சேர்த்துக்கொண்டது.

எனினும், மீளத் தொடங்கினும் அறிந்ததை அறியாததாக்க இயலாது. அலிஸ்டரின் நெஞ்சை இறுகச் செய்தால் என்ன ஆவான் என்பதைக் கண்டவர், அடுத்த முறை அம்மொழியைத் தேர்ந்தாலும் தவிர்த்தாலும், அறிந்தே செய்கின்றார். ஒரே துறையைப் பல பாட்டில் பல கோணத்தில் காணும் அகப்பொருள் மாணவர்க்கு இந்நிலை விளங்காததன்று.

10. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் அளவை இது. காதலுக்கும் ஆக்க நாட்டத்திற்கும் இடையே உள்ள முரண் வீடியோ விளையாட்டில் உண்மையாவது, காதலிக்கப்படுபவர்க்கும் தனியொரு நாட்டம் உண்டென்றும், அதன்பொருட்டு மறுக்கும் உரிமை அவர்க்கு உண்டென்றும், அதனைக் கைவிடச் செய்தால் அதற்கு ஒரு விலை உண்டென்றும் படைப்பு ஒப்புக்கொள்ளும்போதுதான். அவ்வொப்புதல் இல்லாத படைப்பில் காதல் ஆக்கத்தின் ஓர் உறுப்பாய்ச் சுருங்குகின்றது. ஷியோரியின் மரத்தடியிலிருந்து சோலஸின் பிரிவு வரை இவ்வொப்புதல் கூடியும் குறைந்தும் வந்துள்ளதைக் கண்டோம்.

இஃது இலக்கியக் கொள்கையளவில் நின்றுவிடும் செய்தியன்று. அன்பைப் பெறுதற்குரிய பொருளாகக் கருதுவதா, மற்றொருவர் மனமுவந்து தருவதாகக் கருதுவதா என்னும் வேறுபாடு வாழ்விலும் உண்டு. பரிசுகளை எண்ணிப் பழகிய கைகளே, மறுமொழி தேராது திகைத்து நிற்கவும் இவ்விளையாட்டுகளில் கற்கின்றன. எப்படைப்பு எதனைக் கற்பிக்கின்றது எனப் பகுத்துக் காட்டும் பணி, பிரிவின் நுட்பத்தை நெடுங்காலம் பயின்று வந்த தமிழ்த்துறை மாணவர்க்கு மிகவும் ஏற்புடையது. விளையாட்டென்று ஒதுக்காமலும் புதுமையென்று மயங்காமலும் அவர்கள் இத்துறையுட் புகுவராயின், ஆராயத்தக்க பொருள் நிரம்ப உண்டு.